கடலுக்குப் பெரட்டு எடுத்தவர்

பேராக் மாநிலத்தில் கடலையே வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்ட ஒரே மனிதர் பெரட்டு அண்ணன்தான். அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

எழுபதுகளின் கடைசியில், ஈப்போவில் கரையோர வேலைகளைக் கவனிக்கும் ஓர் அலுவலகத்தில் நான் குமாஸ்தாவாக இருந்தேன். அவர் அங்கே கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் டெக்னிசியன். பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். வேலைக்கு வரும்வரை கடலைக் காலண்டரில்தான் பார்த்திருந்தார். வந்த பிறகும் பெரிய நெருக்கம் இல்லை. படகில் கால் வைத்தால் காலையில் தின்ற ரொட்டி சானாய் வெளியே வந்துவிடும். அப்படிப்பட்டவருக்கு அலையை அளக்கும் உத்தியோகம். கேலி செய்தால் அசரமாட்டார்.

"அலையை அளக்க அலையில ஏறணுமாலா? டாக்டர் என்ன, வயித்துக்குள்ள போயா பாக்குறாரு?"

தேத்தண்ணி நேரத்தில் அலை அளந்த வரலாற்றையே சொல்லி முடித்துவிடுவார். யாரும் கேட்டிருக்க மாட்டோம்.

"முதல்ல கப்பல்காரன் கண்ணால பாத்துத்தான் எழுதினான் மச்சான். பயந்தவன் எழுதினா அலை தென்னமரம் உசரம். குடிச்சவன் எழுதினா அலையே இல்ல. அப்புறம் கோடு போட்ட கம்பை நட்டாங்க. நல்ல அலையா வந்துச்சு, கம்பையே கொண்டு போயிடுச்சு. வேற ஒருத்தன் கப்பலுக்கு அடியில சத்தம் போட்டு, அது தரையில பட்டுத் திரும்புற நேரத்தை வச்சு ஆழம் பாத்தான். எவனோ ஒரு புண்ணியவான் அந்த மிசினைத் தலைகீழாக் கவுத்துக் கடலடியில வச்சான் பாரு, அவன் மூளைதான் மூளை!"

கவிழ்த்து வைத்தால் என்ன ஆகும் என்று கேட்டால் தோட்டத்துக்குப் போய்விடுவார். விடியற்காலையில் ஆட்களை நிறுத்தி, கணக்கெழுதும் கிராணி பெயர் கூப்பிடுவாரே, அந்தப் பெரட்டுக்கு. "மிசினுதான் கிராணி. கீழ உக்காந்துக்கிட்டு மேல பாத்து ஒரு குரல் குடுக்கும். சத்தம் தண்ணியோட மேல்மட்டத்துல முட்டித் திரும்பும். பக்கத்துல நிக்கிறவன் சட்டுனு 'இருக்கேன்யா'ன்னுவான், அது பள்ளம். தள்ளி நிக்கிறவன் பதில் கொஞ்சம் சுணங்கி வரும், அது அலையோட உச்சி. அவ்வளவுதான்லா."

இந்தப் பழக்கம் அவருக்கு உடம்போடு ஒட்டிவிட்டது. கோப்பிக் கடையில் "கோப்பி ஓ!" என்று கத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். பதில் வந்ததும், "தவ்கே குசினியில இருக்காரு" என்பார். கடை முதலாளியான அந்தச் சீனத் தவ்கே அவருக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருப்பார்.

ஜெலாப்பாங் பக்கத்தில் ஈயம் தோண்டி விட்ட குட்டையில் ஒருமுறை கருவியைச் சோதித்தோம். காற்றே இல்லை, குட்டை கண்ணாடி மாதிரிக் கிடந்தது. ஆனால் கருவியின் பேனா தாளில் போட்ட கோடு துள்ளியது. "ஈப்போவுல அலை!" என்று அவர் கரையெல்லாம் ஓடினார். பார்த்தால், பக்கத்துச் சீனர் பண்ணையிலிருந்து வந்த வாத்துக் கூட்டம் கருவிக்கு நேர்மேலே முங்கி முங்கி எழுந்துகொண்டிருந்தது. அதன் பிறகு ஒரு மாதம் அலுவலகத்தில் எல்லோரும் அவரைப் பார்த்து 'குவாக்' என்றுதான் வணக்கம் சொன்னோம்.

பிறகு லூமுட்டுக்கு அப்பால் ஒரு மீனவர் குடியிருப்புக்கு அவரை அனுப்பினார்கள். தாள் சுருளையும் எழுதுமையையும் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. சுமத்ரா பக்கத்திலிருந்து திடீர்க் காற்று கிளம்பினால் அங்கே கட்டியிருக்கும் படகுகள் ஒன்றோடொன்று மோதி உடையும். லெட்சுமி அக்கா என்று மீன் ஏலம் எடுக்கும் ஒரு பெண்மணி. அவர் கணவரின் படகு அப்படித்தான் உடைந்து, ஒட்டுப் போட்டு ஓடிக்கொண்டிருந்தது. அலைத் தடுப்புச் சுவர் வேண்டும் என்று ஊரே கேட்டது. கோலாலம்பூர் இன்ஜினியரோ, "அந்த இடத்தில் கடல் குளம் மாதிரி. அலை இருந்தால் அளந்து காட்டுங்கள்" என்றுவிட்டார்.

கருவியைக் கடலடியில் இறக்கி, கரையில் ஒரு கொட்டகைவரை கம்பி இழுத்தோம். மேலே அடையாளத்துக்கு ஒரு மிதவை. இரண்டு தடவை மிதவை திருட்டுப் போனது. பெரட்டு அண்ணன் துணிந்து படகேறினார். போகும்போது ஒரு தரமும் வரும்போது ஒரு தரமும் வாந்தி எடுத்தார். நடுவில், மூன்றாவது மிதவைக்கு மஞ்சள் துணி சுற்றி வேப்பிலை கட்டிவிட்டு வந்தார்.

"இனி எவன் கை வைக்கிறான் பாப்போம்!"

எவனும் வைக்கவில்லை. ஆனால் தாளில் வேறு வேடிக்கை தொடங்கியது. காலையானால் கடல் மட்டம் திடீரென்று இறங்கும். கொஞ்ச நேரம் அசையாமல் நிற்கும். திரும்ப ஏறும். இன்ஜினியர் கோபமாகப் போனில் பேசினார். கருவி ரோசாக், கெட்டுப்போய்விட்டது, காற்றுக்காலம் முடிவதற்குள் ஒழுங்கான பதிவு வராவிட்டால் சுவரை மறந்துவிடலாம் என்றார்.

அண்ணன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "மச்சான், இது வாத்துலா!"

மறுநாள் காலை படகுத்துறையில் போய் நின்றோம். கடலுக்குக் கிளம்பிய படகுகள் ஒவ்வொன்றும் மிதவையருகே நின்றன. நம்மவர்கள் தேங்காய் உடைத்தார்கள், சீனர்கள் ஊதுபத்தி காட்டினார்கள். கருவிக்குத் தண்ணீர் மட்டம் தெரியவில்லை, படகின் அடிப்பலகைதான் தெரிந்தது.

சாமி இல்லை என்று ஊரிடம் யார் போய்ச் சொல்வது? கட்டியவர்தான் சொல்ல வேண்டும். கையைப் பிசைந்துகொண்டு லெட்சுமி அக்காவிடம் போனார்.

"அக்கா, அது சாமி இல்லக்கா. மிசினு. துணி கட்டுனது நான்தான்."

"தெரியும்லா தம்பி. அத்தனை வாந்தி எடுத்துக்கிட்டு நீ கட்டுனதை ஊரே வேடிக்கை பாத்துச்சே."

"பொறகு ஏன்க்கா கும்பிடுறீங்க?"

"எங்க அலை எம்மாம் பெருசுன்னு பெரியவங்ககிட்ட சொல்லப் போறது அதுதானே? உள்ளதை உள்ளபடி சொல்லு தாயேன்னு அதுகிட்டத்தானே கேக்கணும்?"

வேண்டுதலே வேண்டுதலைக் கெடுத்துக்கொண்டிருந்ததை அவர்களிடம் எப்படிச் சொல்வது? அண்ணன் மெல்லச் சொன்னார். "நேர்மேல நின்னு கேட்டா அதுக்கு உங்க குரலு மட்டுந்தான் கேக்கும்க்கா. கடலு பேசுறது கேக்காது. கரையிலேருந்து கும்பிடுங்க."

அடுத்த நாளிலிருந்து கற்பூரம் கரையில் எரிந்தது.

காற்றுக்காலம் முடியப் போகும் சமயத்தில், ஒரு விடியலில் சுமத்ரா காற்று வந்தது. கொட்டகைக்குள் பேனா தாளைக் கிழித்துவிடும்போல் ஏறி இறங்கியது. "வந்துருச்சு! பாருலா, எல்லாம் சத்தமா ஆஜர் சொல்லுது!" என்று குதித்தார். அப்போது வெளியே மரம் பிளக்கும் சத்தமும் பெண்களின் கூக்குரலும் கேட்டன. அவர் சட்டென்று உட்கார்ந்துவிட்டார்.

"நான் இந்த அலைக்குத்தானே மச்சான் காத்துக்கிட்டிருந்தேன்" என்றார். அவர் அழுது அன்றுதான் பார்த்தேன்.

ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. லெட்சுமி அக்கா வீட்டுப் படகு மட்டும் இந்தத் தடவை ஒட்டுப் போட முடியாதபடி போய்விட்டது. அந்தத் தாளை அண்ணன் தபாலில் போடவில்லை. பஸ் ஏறிக் கோலாலம்பூர் போய் மேசைமேல் விரித்து, இன்ஜினியர் சுவருக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போடும்வரை அங்கேயே நின்றார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் சுவர் எழும்பியது. திறப்பு விழாப் பேச்சுகளில் அவர் பெயர் இல்லை. சொல்லியிருந்தாலும் யாருக்கும் ஆள் தெரிந்திருக்காது. விழா முடிந்து எல்லோரும் போன பிறகு நாங்கள் இருவரும் சுவர்மேல் நடந்தோம். வெளியே கடல் இரைந்தது. உள்ளே, லெட்சுமி அக்கா வீட்டின் புதுப் படகு கட்டிய கயிற்றை இழுக்காமல் சும்மா நின்றது. அண்ணன் அந்தத் தளர்ந்த கயிற்றைக் கைகாட்டினார்.

"இனிமே இங்க அளக்குறதுக்கு ஒண்ணுமே இல்லலா" என்றார்.

தன் வேலை இல்லாமல் போனதைச் சொல்லி ஒரு மனிதர் அவ்வளவு சந்தோஷமாகச் சிரித்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அத்தனை வருஷம் நான் கேலி செய்த அந்த ஆளை எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.