பொருள்: குஞ்சு பொரியாமை குறித்து

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களின் சமூகத்திற்கு,

தங்கள் மருமகளைப் பெற்றவன் கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். முப்பத்துநாலு வருஷம் தலைமை எழுத்தராக இருந்தவன், பொய்த் தகவலுக்குக் கீழே கையெழுத்துப் போட்டுப் பழக்கமில்லை என்பதால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். தாங்களும் தங்கள் இல்லத்தாரும் தங்களுடைய நாற்பத்துச் சொச்சம் பேண்டம் என்கிற குட்டை ஜாதிக் கோழிகளும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன்.

பார்வை: நேற்று தாங்கள் போனில் கேட்ட "குஞ்சு எங்கே?" என்ற வினா. மேற்படி வினாவுக்கு நான் "டவர் கிடைக்கலை" என்று சொல்லி வைத்துவிட்டேன். டவர் நன்றாகவே கிடைத்தது. மன்னிக்கவும்.

கல்யாணம் முடிந்த மறுநாள் தங்கள் வீட்டு வாசலில் எல்லோர் முன்னிலையிலும் ஒரு ஜோடிக் கோழியை என் கையில் கொடுத்து, "இது சேவல், பேரு கர்னல். இது பெட்டை, பேரு மேடம். உடம்பு பூரா பஞ்சு மாதிரி முடி இருக்கறதால மத்தவனுக்கு எது எதுன்னே தெரியாது. நான் ஓட்டை விட்டு வெளியில வரும்போதே பார்த்துச் சொல்லிடுவேன்" என்றீர்கள். ஆறு மாதத்தில் பத்துக் குஞ்சு வேண்டும், கோழி வளர்ப்போர் சங்கத் தலைவருக்கு வாக்குக் கொடுத்தாயிற்று என்றும் சொன்னீர்கள். நான் தலையை ஆட்டினேன். பெண்ணைக் கொடுத்தவன் வேறு எதை ஆட்டுவது? வரும் ஞாயிற்றுக்கிழமை தாங்கள் தலைவரோடும் கூடையோடும் வருகிறீர்கள். கூடையில் வைக்க என்னிடம் ஒன்றும் இல்லை சம்பந்தி.

ஆரம்பத்தில் எல்லாம் அமோகமாகத்தான் இருந்தது. மேடம் முட்டையிட ஆரம்பித்தாள், அதுவும் சில நாள் ஒன்றல்ல இரண்டு, இப்படியும் ஒரு வம்சமா என்று தங்களை மனசுக்குள் மெச்சிக்கொண்டேன். கர்னல் அவர்கள்தான் சற்று மந்தமாக இருந்தார், கூவினால் தொண்டையில் ஏதோ சிக்கிக்கொண்ட மாதிரி பாதியில் நின்றுவிடும், தண்ணீர் மாறியதால் இருக்கும் என்று வெந்நீர் ஆற்றிக் கொடுத்தேன். எட்டு முட்டை சேர்ந்ததும் மேடம் அடைக்கு உட்கார்ந்தாள், மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால் கர்னலும் பக்கத்தில் இடித்துக்கொண்டு அடை உட்கார்ந்திருக்கிறார்! எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆம்பளைன்னா இப்படியில்ல இருக்கணும், சம்பந்தி வீட்டுக் கோழியே இப்படின்னா நம்ம மாப்பிள்ளை எப்படி இருப்பார் பார் என்று தங்கள் சம்பந்தியம்மாவை, அதாவது என் மனைவியை, கூப்பிட்டுக் காட்டினேன். அவள் உற்றுப் பார்த்துவிட்டு "எனக்கென்னமோ இது சரியாப் படலை" என்றாள். நீ சும்மா இரு, கொடுத்தது யாருன்னு தெரியுமில்ல என்று அடக்கிவிட்டேன். அப்புறம் இரண்டுக்கும் இடத்தகராறு வந்து, தள்ளுமுள்ளாகி, இருபத்தோரு நாளும் போய் இருபத்தைந்தும் போய் ஒரு ஓடுகூட விரியவில்லை. ஒன்றை உடைத்துப் பார்த்த தங்கள் சம்பந்தியம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு "கூமுட்டை" என்றாள். சொல்லும்போது முட்டையைப் பார்த்தாளா என்னைப் பார்த்தாளா என்று எனக்கு விளங்கவில்லை.

கோழியை நம்பிப் பிரயோஜனமில்லை என்று எதிர்வீட்டு எலக்ட்ரீஷியனைப் பிடித்து, தெர்மாகோல் பெட்டிக்குள் பல்பு மாட்டி ஒரு இன்குபேட்டர் செய்யவைத்தேன். காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரை உள்ளே வைத்து, ஒவ்வொரு முட்டைக்கும் ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம் போட்டு, வேளை தவறாமல் திருப்பி, திருப்பியதற்கு நோட்டில் சுருக்கொப்பமும் இட்டேன். ஏழாம் நாள் கரு பிடித்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கணுமாம், அதற்கு இருட்டு வேணுமாம், பட்டப்பகல்ல இருட்டுக்கு எங்கே போவேன், டார்ச்சும் முட்டையுமாகத் துணி அலமாரிக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டேன். முதல் முட்டையிலேயே சிவப்பாய் ஒரு நரம்பு! நான் சந்தோஷத்தில் மூச்சுகூட விடாமல் பார்த்துக்கொண்டிருக்கும்போது, இஸ்திரிக்காரருக்குத் துணி எடுக்க வந்த தங்கள் சம்பந்தியம்மா கதவைத் திறந்துவிட்டாள். சட்டைகளுக்கு நடுவே மோவாய்க்குக் கீழே டார்ச் வெளிச்சத்தோடு என் முகம். அவள் போட்ட கூச்சலில் எலக்ட்ரீஷியன் ஓடிவந்தார், வந்த வேகத்தில் ஒயரில் கால் தட்டிப் பெட்டி தலைகீழாய்ப் போனது. நரம்பு என்று நான் பார்த்தது முட்டையில் ஒட்டியிருந்த சிவப்பு நூல் சம்பந்தி. அன்றும் "கூமுட்டை" என்றாள்.

அந்த வாரம்தான் என் மகள் போன் செய்தாள். சாப்பாட்டு மேசையில் தாங்கள் "ஒரு முட்டையைப் பொரிக்கத் தெரியாத மனுஷன் உன்னை எப்படிம்மா வளர்த்தார்?" என்று கேட்டீர்களாம். எல்லோரும் சிரித்தார்களாம், தானும் சிரித்தாளாம். இதைச் சொல்லிவிட்டு அழுதாள். "ஒரே ஒரு குஞ்சுப்பா, எப்படியாவது" என்றாள். சின்ன வயசில் பொம்மைக்குக்கூட அவள் இப்படிக் கேட்டதில்லை.

சரி, கோழியும் வேண்டாம் பல்பும் வேண்டாம், நானே உட்காருகிறேன் என்று முடிவெடுத்தேன். தெருமுனைத் தையல்காரரிடம் போய், வயிற்றைச் சுற்றிக் கட்டிக்கொள்ள ஆறு பை வைத்து ஒரு துணிப்பட்டி வேண்டும் என்றேன். "எத்தனை மாசம்னு வெச்சு அளவெடுக்கட்டும் சார்?" என்றார் பாவி. ஆறு முட்டை கட்டினேன். குனிவதில்லை, படுப்பதில்லை, நாற்காலியிலேயே சாய்ந்து தூங்குவது, தும்மல் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொள்வது. மனுஷன் படற பாடா இது? பதினாறாம் நாள் ஓய்வூதியத்துக்காக, நான் உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்க ஆபீசுக்குப் போகவேண்டி வந்தது. கவுண்ட்டரில் இருந்தவர் "இன்னும் கொஞ்சம் முன்னாடி சாஞ்சு கேமராவைப் பாருங்க" என்றார். சாய்ந்தேன். படக் என்றது. சட்டை நனைந்து மேசையில் வழிந்ததைப் பார்த்து வரிசையில் நின்ற பெரியவர்கள் எல்லாம் என்னைப் பிடித்துக்கொண்டார்கள், ஒருவர் ஆம்புலன்சுக்கே போன் போட்டுவிட்டார். நான் ஓட்டைக் கையில் ஏந்திக்கொண்டு ஐயோ பதினாறு நாளாச்சே என்று புலம்புகிறேன். அந்தக் கவுண்ட்டர்க்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு உயிர் இருக்கு சார், முட்டைக்குத்தான் இல்லை" என்று முத்திரை குத்திக் கொடுத்தார்.

மீதி ஐந்தை விடவில்லை. பத்தொன்பதாம் நாள் உள்ளே கீச்சுக் கீச்சென்று சத்தம் கேட்டது, டாக்டரிடம் ஓடினேன், அவர் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு "வேளைக்குச் சாப்பிடுங்க, இது உங்க வயிறு" என்றார். இன்று இருபத்திரண்டாம் நாள். சத்தமில்லை, அசைவில்லை. காலையில் பட்டியை அவிழ்த்து ஐந்தையும் மேசையில் வைத்துவிட்டு, அறுபத்திரண்டு வயசில் தேம்பித் தேம்பி அழுதேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. தங்கள் சம்பந்தியம்மா என் தலையைத் தடவிக்கொடுத்து, "கூமுட்டை, கூமுட்டை" என்றாள். இரண்டு தடவை சொன்னதால் ஒன்று நிச்சயம் எனக்குத்தான்.

ஆகவே தவறு முழுவதும் என்னுடையது. உயர்ந்த ஜாதிக் கோழியை ஒன்றும் தெரியாதவன் கையில் கொடுத்துவிட்டீர்கள். கர்னல் அவர்களை அவருடைய கௌரவத்துக்குக் குறைவில்லாமல் வைத்துக்கொண்டேன் என்பது ஒன்றுதான் எனக்கு ஆறுதல். தலைவர் முன்னால் என்னை எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். அவளை மட்டும் ஒன்றும் சொல்லாதீர்கள். அவளை நான் நன்றாகத்தான் வளர்த்தேன்.

மாப்பிள்ளைக்கு என் ஆசிகள், வீட்டில் பெரியவர்களுக்கு நமஸ்காரங்கள், கோழிகளுக்கு என் விசாரிப்பு.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும்
தங்கள் சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டி, தபால் பெட்டிக்குப் போகச் செருப்பை மாட்டும்போது பின் வராந்தாவில் ஒரே அமர்க்களம். போய்ப் பார்த்தேன். கர்னல் எழுந்து நின்றார். அவருக்குக் கீழே ஒரு முட்டை. தொட்டேன், சுட்டது. அந்த நேரம் மேடம் சமையலறையில் தங்கள் சம்பந்தியம்மாவின் காலடியில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள் என்பதால் சந்தேகத்துக்கு இடமில்லை. பிறகு கர்னல் என்னைப் பார்த்துக் கூவவில்லை. கொக்கரித்தார். கொக்கரித்தாள்.

ஆறு மாதமாக இந்த வீட்டில் சேவலே இல்லை சம்பந்தி! உறையைக் கிழித்து இதை எழுதுகிறேன். மேலே கேட்ட மன்னிப்புகள் அனைத்தையும் இதன் மூலம் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தலைவரை அவசியம் கூட்டிவரவும். மகளுக்குப் போனில் சொன்னேன், வெகுநேரம் சிரித்தாள், யாரும் சிரிக்கவைக்காமல் தானாகவே சிரித்தாள். இன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் தங்களிடம் அவளுக்கு ஒரு கேள்வி இருக்கிறதாம்.

கூமுட்டை என்று இத்தனை நாள் சொன்னாயே, அது நானா முட்டையா என்று தங்கள் சம்பந்தியம்மாவிடமும் நேராகக் கேட்டுவிட்டேன். அவர் இந்த வீட்டிலேயே இல்லை என்கிறாள்.