எந்த மூட்டை லாபம்?

வாசல் தெளிக்க வாளியோடு வந்த வெற்றிச்செல்வி அப்படியே நின்றுவிட்டாள். தெளிக்க இடமில்லை. வாசல் கொள்ளாமல் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். முன்னால் பஞ்சவர்ணம், கையில் மடித்த மஞ்சப்பை.

“என்னடி, விடிஞ்சும் விடியாம?”

“லாபம் வாங்கிட்டுப் போலாம்னு வந்தோம்” என்றாள் பஞ்சவர்ணம், ரேஷனில் சீனி வாங்க வந்தவள் மாதிரி.

குன்னத்துக்குப் பக்கத்தில் பெண்களே பங்கு போட்டு நடத்தும் மக்காச்சோளக் கம்பெனிக்கு வெற்றிச்செல்விதான் தலைவி. வந்தவர்கள் எல்லாரும் அதன் உறுப்பினர்கள். ‘நம்ம கம்பெனிக்கு இந்த வருசம் நாலு லட்சம் லாபம்டி’ என்று முந்தின நாள் ரேஷன் கடை வரிசையில் பெருமை தாங்காமல் சொன்னதும் அவளேதான். ஆக, இந்தக் கூட்டத்தை அவள் வெற்றிலை பாக்கு வைக்காத குறையாக அழைத்திருந்தாள்.

“லாபம் இருக்கு. காசு இல்ல” என்றாள்.

“அது எப்படி?”

“பேங்க்ல பதினோராயிரம்தான் கெடக்கு.”

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

வெற்றிச்செல்வியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கம்பெனி வேலையாகப் பெரம்பலூர் போனால் பஸ் டிக்கெட்டை மட்டும்தான் கணக்கில் எழுதுவாள். டீயும் வடையும் சொந்தக் காசு. இப்படி ஒரு மனுஷியின் வாசலில் நின்று ‘காசு எங்கே’ என்று கேட்டால் அவளுக்கு எப்படி இருக்கும்? பதவி போனால் போகட்டும், பேர் போனால் இந்த ஊரில் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பது? மறுநாள் சனிக்கிழமை ஆண்டுக் கூட்டம் வேறு. கணக்குக்கு இவர்கள் கை தூக்க வேண்டும்.

“பாதி, கோழித்தீவன மில்லுக்காரர் தர வேண்டிய பாக்கி. மீதி குடோன்ல சோளமா இருக்கு. வாங்க, கண்ணால பாத்துக்கங்க” என்றாள்.

அது முதல் தப்பு.

குடோனைத் திறந்ததும் பெண்கள் மூட்டைகளைத் தட்டிப் பார்த்தார்கள், முகர்ந்து பார்த்தார்கள். குஞ்சம்மாள் ஒரு மூட்டை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். ஐம்பதைத் தாண்டியவள்; அதிகம் பேசமாட்டாள்; பேசினால் பதில் கிடைக்காமல் எழுந்திருக்கவும் மாட்டாள்.

“செல்வி, இதுல எந்த மூட்ட லாபம், எந்த மூட்ட மொதலு?”

வெற்றிச்செல்வி பதில் சொல்வதற்குள் பஞ்சவர்ணம் கரித்துண்டு ஒன்றை எடுத்து, தன் பங்கு என்று ஒரு மூட்டையில் பெருக்கல் குறியே போட்டுவிட்டாள். அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் கரி தேடினார்கள்.

“இருங்க, இருங்க! ஆடிட்டரையே கேட்டுருவோம்!”

இது இரண்டாவது தப்பு. பெரம்பலூர் ஆடிட்டர் ஆபீசில் இவர்கள் கணக்கைப் பார்க்கும் சரத்குமார் நல்ல பையன். ஆனால் ஸ்பீக்கரில் போட்டிருப்பது அவனுக்குத் தெரியாது.

“லாபம் இன்னும் கூடவே வந்திருக்கும் மேடம். தேய்மானச் செலவு நாப்பத்தஞ்சாயிரம் போயிடுச்சில்ல, சோளம் அடிக்கிற மிஷினுக்கு.”

பஞ்சவர்ணம் போனுக்கு அருகில் வந்தாள். “அந்த நாப்பத்தஞ்சாயிரத்த யாருங்க வாங்குனது?”

“யாரும் வாங்கலைங்க.”

“அப்ப குடுத்தது யாரு?”

“யாரும் குடுக்கலைங்க. அது வெறும் கணக்குலதான் செலவு.”

பஞ்சவர்ணம் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தாள். “கேட்டுக்கிட்டீங்களாடி? வராத காசு லாபமாம். குடுக்காத காசு செலவாம்.”

வெற்றிச்செல்வி அவசரமாகப் போனை அணைத்தாள். எதையும் மறைக்கவில்லை என்று காட்ட, ஆடிட்டர் கொடுத்த இருப்புநிலைக் குறிப்பை எடுத்துவந்து நீட்டினாள். அது மூன்றாவது தப்பு. பிளஸ் டூ படித்த பஞ்சவர்ணத்தின் விரல் ‘பொறுப்புகள்’ என்ற பக்கத்தில் போய் நின்றது.

“இது என்ன பக்கம்?”

“கம்பெனி மத்தவங்களுக்குத் திருப்பித் தர வேண்டியது.”

“கடன் பக்கம்னு சொல்லு. அதுல எதுக்கு நாங்க போட்ட பங்குப் பணம் இருக்கு? ஆட்ட வித்துப் போட்ட காசுடி அது! அதக் கொண்டுபோய்க் கடன்லயா வெச்ச?”

அதற்கு மேல் என்ன பேசினார்கள் என்று வெற்றிச்செல்விக்கு நினைவில்லை. ‘நாளைக்குக் கூட்டத்துல எல்லாத்தையும் வெளக்குறேன்’ என்று கும்பிட்டு அனுப்பிவைத்தாள். பஞ்சவர்ணம் மஞ்சப்பையை உதறி மடித்துக்கொண்டு போனாள்.

வீட்டுக்குள் அவள் கணவன் இளவரசன் இட்லியைச் சட்னியில் புரட்டிக்கொண்டு, சிரிப்பை அடக்கமுடியாமல் உட்கார்ந்திருந்தான். அவனும் தலைவன்தான். அதே ஊரின் சின்ன வெங்காயக் கம்பெனிக்கு மூன்று வருஷமாகத் தலைவன்.

“உனக்குக் கூட்டம் நடத்தத் தெரியல” என்றான். “ஞாயித்துக்கிழம எங்க கூட்டத்த வந்து பாரு. பத்து மணிக்கு ஆரம்பிச்சா பத்தரைக்கு மிக்சர். உன் ஆளுங்க அத்தன பேரும் அங்கயும் பங்குதாரருங்கதான். ஒரு கேள்வி வருமா?”

“எப்படிங்க வராம இருக்கும்?”

“வாய்க்குள்ள நொழையாத நாலு வார்த்தைய வேகமாப் படிக்கணும். சேமிச்சு வெச்ச பட்டறையில வெங்காயம் கொறஞ்சு கெடக்கா? தேய்மானம். காசு கொறையுதா? வர வேண்டிய பாக்கி. பயந்து போய்க் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடுவாங்க. நீ என்னடான்னா குடோனத் தொறந்து காட்டுற!”

“அவங்க காசுங்க. அவங்களுக்குப் புரியணும்ல?”

“புரிஞ்சா கேள்வி கேப்பாங்க. நாளைக்குப் பாரு, உன்ன உரிச்சித் தொங்கவிடப் போறாங்க.”

அவன் சொன்னதில் பாதி நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் புரியாத வார்த்தையை வேகமாகப் படித்துவிட்டு மிக்சர் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. அந்த மனசுக்காகவே அவளுக்கு ஒரு மாலை போடலாம். மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதும், உலை வைக்கும்போதும் தனக்குத் தானே பேசிப் பார்த்துக்கொண்டாள். சரத்குமாருக்கு அன்றைக்கு மட்டும் ஏழெட்டுத் தடவை போன் போனது. கடைசியில் அவனே, “மேடம், நீங்க பரீட்சை எழுதலாம்” என்று சொல்லிவிட்டான்.

சனிக்கிழமை கூட்டத்தைக் குடோனிலேயே வைத்தாள், சோளம் அடிக்கும் மிஷினுக்குப் பக்கத்தில். மைக் இல்லை, மேடை இல்லை. குஞ்சம்மாள் அன்றைக்கும் மூட்டை மேல்தான்.

“பஞ்சவர்ணம், இந்த மிஷின மூணு லட்சத்துக்கு வாங்குனோம். இன்னைக்கு வித்தா அதே விலை குடுப்பானா?”

“ரெண்டரைக்குக் கேப்பான்.”

“கொறஞ்ச காசு யார் எடுத்தா?”

பஞ்சவர்ணம் மிஷினைச் சுற்றிவந்தாள். தேய்ந்த பல்லைத் தொட்டுப் பார்த்தாள். “நாம அடிச்ச சோளம் எடுத்துக்கிச்சு.”

“அதான் தேய்மானம். நாளைக்குப் புது மிஷின் வாங்கணும்ல? இப்பவே அதச் செலவுன்னு எழுதலன்னா, இல்லாத லாபத்தப் பங்கு போட்டுத் தின்னுருவோம்.”

கூட்டத்தில் ‘அதுவும் சரிதான்’ என்று ஒரு முணுமுணுப்பு ஓடியது. வெற்றிச்செல்விக்குத் தெம்பு வந்தது.

“குஞ்சக்கா, நீங்க சொசைட்டிக்குப் பால் ஊத்துறீங்க. காசு பதினஞ்சு நாள் கழிச்சுத்தான். அதுக்காக இன்னைக்குப் பாலே ஊத்தலன்னு சொல்லுவீங்களா?”

“எப்படிச் சொல்றது? அது எனக்கு வர வேண்டியது.”

“மில்லுக்காரர் பாக்கியும் அப்படித்தான். அப்புறம், உங்க எருமைய வாங்குனப்ப இருந்ததவிட இப்ப விலை கூட. அந்த லாபம் எந்தக் கால்ல இருக்கு?”

குஞ்சம்மாளே சிரித்துவிட்டாள். “முழு எருமையிலயும் இருக்கு. சரி, மூட்டக் கேள்விய விட்டுட்டேன்.”

“பங்குப் பணம்?” என்று பஞ்சவர்ணம் விடவில்லை.

“கம்பெனி வேற, நாம வேறடி. நம்ம காசு கம்பெனிகிட்ட இருக்கு. அப்ப கடன்காரி யாரு?”

“கம்பெனி!”

“அதனாலதான் அந்தப் பக்கத்துல இருக்கு. அங்க இல்லாமப் போனாத்தான் நீ பயப்படணும்.”

கேள்விகள் அத்தோடு நிற்கவில்லை. இன்னும் கூர்மையாக வந்தன.

“சரி, ஒரு தலைவரு தேய்மானம்னு சும்மா சொல்லி ஏமாத்துனா?” என்றாள் குஞ்சம்மாள்.

“எந்தப் பொருள் தேஞ்சது, காட்டுன்னு கேக்கணும்.”

“வர வேண்டிய பாக்கின்னு சொன்னா?” இது பஞ்சவர்ணம்.

“யார்கிட்ட, எத்தன மாசமா, ஏன் இன்னும் வரலன்னு கேக்கணும்.”

“இன்னொரு தரம் மெதுவாச் சொல்லு.”

அவள் இன்னொரு தரம் சொன்னாள். குஞ்சம்மாள் கண்ணை மூடி, உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். என் கையில் இருக்கும் கத்தியை வாங்கி எனக்கே தீட்டுகிறார்கள் என்று வெற்றிச்செல்வி நினைத்தாள். இருந்தாலும் ஒரு கேள்விக்கும் மழுப்பவில்லை. கேட்டதற்கு எல்லாம் பதில் சொன்னாள். மில்லுக்காரரின் போன் நம்பரைக்கூடக் கொடுத்தாள்.

கடைசியில் கணக்குக்குச் சம்மதமா என்று கேட்டாள். கேட்ட மாத்திரத்தில் எல்லாக் கையும் மேலே போனது. லாபத்தைக் கம்பெனியிலேயே விட்டுவைக்கவும் ஒருவர்கூட மறுப்புச் சொல்லவில்லை. பஞ்சவர்ணம் கரித்துண்டால் போட்ட பெருக்கல் குறியை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். வெற்றிச்செல்விக்கு நம்பவே முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து, மனைவியை வண்டியில் கூட்டிப்போக வந்த இளவரசன் குடோன் வாசலில் நின்று சாவியைச் சுழற்றினான்.

“என்னங்க, ரெண்டு நாளா ஒரே பாடு படுத்திட்டீங்களே என் வூட்டுக்காரிய? அவ மேல அம்புட்டுச் சந்தேகமா?”

மூட்டை மேலிருந்து மெல்ல இறங்கி, சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு குஞ்சம்மாள் சொன்னாள்:

“செல்வி மேல சந்தேகமா? நல்லாக் கேட்டீங்க தம்பி! அவகிட்டதானே பயமில்லாமக் கத்துக்க முடியும், நாளைக்கு உங்க கூட்டத்துல கேக்குறதுக்கு!”