பின்சீட்டுச் சூடு

"ஏங்க, தங்கச்சி வீட்டுக்காரர் வண்டியில குளிருக்கு இதமா சீட்டே சுடுதுங்க!"

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு வயிறு எரிந்தது. இளைய சகலை வாங்கியிருந்த நெடுந்தூரப் பயண மோட்டார் சைக்கிளைப் பற்றி மனைவி மூன்று நாளாக இதே பாட்டு. பட்டனைத் தொட்டால் காற்று தடுக்கும் கண்ணாடி தானே உயருமாம். வேகத்தை ஒருதடவை குறித்துவிட்டால் அதையே பிடித்துக்கொண்டு போகுமாம். முன்னால் லாரி இருந்தால் தானாகவே மெதுவாகுமாம்.

"எல்லாத்தையும் வண்டியே செஞ்சா சகலை எதுக்கு மேல உக்காந்திருக்காரு? பாரத்துக்கா?"

"உங்களுக்குப் பொறாமை."

பொறாமைதான். இல்லையென்று சொன்னால் அவரே நம்பமாட்டார். ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஜோடியும் மலைக்குப் போவதாக ஏற்பாடு. குளிர் தாங்காமல் பாதி வழியில் இவருடைய பழைய பைக்கிலிருந்து மனைவி இறங்கி, சகலை வண்டியில் ஏறிக்கொண்டால்? அதை மட்டும் அவரால் பொறுக்க முடியாது.

முதுகுவலிக்கென்று காரில் செருகினால் சூடாகும் ஒத்தடப் பட்டை ஒன்று வீட்டில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு, தன் பைக்கோடு மெக்கானிக்கிடம் ஓடினார். பின்சீட்டு உறைக்குள் வைத்து பேட்டரியோடு இணைத்தாயிற்று. சுவிட்சைப் போட்டதும் சீட்டு சுட்டது, கூடவே ஹாரனும் அலறியது.

"சூடு வேணுமா சார், ஹாரன் வேணுமா?"

"ஹாரனைக் கழட்டிடுங்க."

கழற்றினால் முன்விளக்கு மினுக்கியது. விளக்கைச் சரிசெய்தால் செல்ஃப் ஸ்டார்ட் போயிற்று. சனியனை உதைத்தே கிளப்பிக்கொள்கிறேன் என்றார் கண்ணாடிக்காரர். இறங்கியதுதான் இறங்கினோம் என்று, சகலையைப் போலவே உடம்பைக் கவ்வும் ஜாக்கெட் ஒன்றும் வாங்கினார். தன் தொளதொளத்த பழைய கோட்டை மெக்கானிக்கிடம் கை துடைக்கக் கொடுத்துவிட்டார்.

ஞாயிறு காலை மனைவி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"அந்தப் பழைய கோட்டு எங்கேங்க?"

"அது எதுக்கு இப்போ? உனக்குத்தான் சீட்டே சுடப்போகுதே!"

அவள் முகம் சுருங்கியது. ஏன் என்று அவருக்குப் புரியவில்லை.

மலைப்பாதையின் நாலாவது வளைவில் சீட்டு இதமாக இருந்தது. ஐந்தாவதில் மனைவி "ஐயோ!" என்று எழுந்து நின்றாள். ஆறாவதில் புகை வந்தது. ஏழாவதில் வண்டி உயிரை விட்டது.

பின்னால் மச்சினியோடு வந்த சகலை வண்டியை நிறுத்தினார். "என்ன சகல, பேட்டரியா?" அந்த அக்கறைதான் கண்ணாடிக்காரருக்கு ஆகவே ஆகாது.

"அண்ணி நடுங்குறாங்களே. மேல ஓட்டல்ல விட்டுட்டு வந்துடறேன். நீங்க ரெண்டு பேரும் மெதுவா தள்ளிக்கிட்டு வாங்க."

மனைவி அந்தச் சுடும் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். காற்றுக் கண்ணாடி தானே உயர்ந்தது. எதைப் பார்க்கக் கூடாது என்று இத்தனை பாடுபட்டாரோ, அதை நடுரோட்டில் நின்று முழுசாகப் பார்த்தார்.

மச்சினியும் அவரும் செத்த வண்டியைத் தள்ளினார்கள்.

"குடுத்து வச்சவம்மா நீ," என்றார் பெருமூச்சோடு. "எப்பேர்ப்பட்ட வண்டி!"

மச்சினி மூச்சு வாங்க நின்றாள்.

"நீங்க வேற அத்தான்! போன தடவை மலைக்கு வந்தப்போ, உங்க பழைய கோட்டுப் பைக்குள்ள ரெண்டு கையையும் விட்டுக்கிட்டு கதகதன்னு வந்தேன்னு அக்கா ஒரு வாரம் பீத்திக்கிட்டா. அதை நான் இவர்கிட்ட சொன்ன மறுநாள்தான், வயித்தெரிச்சல் தாங்காம போய் அந்த வண்டியை புக் பண்ணிட்டு வந்தாரு!"