டேப் மாறினதுக்குத் தத்துவம் சொல்றவர்

ஆயுசுல ஒரே ஒரு தடவை ஜெயிச்சுட்டு, மீதி ஆயுசு பூரா எப்படி ஜெயிச்சேன்னு விளக்குறவங்கன்னு ஒரு ரகம் இருக்கு. அதுல உசத்தி ரகம் நம்ம டைரக்டர். இருபத்திரெண்டு வருஷத்துக்கு முன்னால டிவியில ஒரு ராக்கெட் சீரியல் எடுத்தார். ஓடினது இருபத்தாறு வாரம். அதைப் பத்தி இவர் பேசின பேச்சை ஒட்டி நீட்டினா நிலாவுக்குப் போயிட்டு வந்து, செருப்பை மறந்துட்டோம்னு மறுபடியும் போயிட்டு வரலாம்.

"இத்தனை வருஷமாகியும் சனங்க ஏன் மறக்கலன்னு எல்லாரும் கேக்குறாங்க"ம்பார். யார் கேட்டா? பல் டாக்டர் கேட்டாரா? அவர்கிட்டயும் வாயைத் திறந்து வச்சுக்கிட்டே அரைமணி நேரம் சொன்னார். டாக்டர் நல்ல பல்லைப் பிடுங்கிட்டார். கண்ணை மூடிக்கிட்டு, "அந்த ராக்கெட் வானத்துல போகல, நமக்குள்ள போகுது"ம்பார். அது அட்டை ராக்கெட்டுங்க. ஃபேன் போட்டாலே ஆடும்.

சனங்க மறக்காததுக்குக் காரணம் வேற. எடிட்டிங் ரூம்ல டேப்புக்கு லேபிள் ஒட்டுறது அவர் தங்கச்சி புருஷன். ஒன்பதாவது டேப்பு, பத்தாவது டேப்பு, ரெண்டுக்கும் மாத்தி ஒட்டிட்டார் மனுஷன். ஒரு வாரம் கேப்டன் வெடிச்சுச் செத்தார். அடுத்த வாரம் அதே கேப்டன் டீ கிளாஸோட சாவகாசமா நடந்து வர்றார். பார்த்தவங்க ஆடிப்போயிட்டாங்க. காலம் பின்னால ஓடுதுன்னான் ஒருத்தன், இது வேற உலகத்துக் கேப்டன்னான் இன்னொருத்தன், இதைப் பத்திச் சண்டை போட்டு சில வீட்டுல மாமனாரும் மருமகனும் பேச்சுவார்த்தையே இல்லாம போனாங்க. திங்கக்கிழமை லேபிள் ஒட்டின தங்கச்சி மாப்பிள்ளையை அடிக்கச் செருப்பைத் தூக்கின டைரக்டர், வெள்ளிக்கிழமை தபால் மூட்டை மூட்டையா வந்ததும், "மூணு வருஷம் யோசிச்சு வச்ச திருப்பம்"னுட்டார். மாப்பிள்ளையும் குடும்பம் நல்லா இருக்கட்டும்னு வாயை மூடிக்கிட்டார்.

போன மாசம் ஒரு சேனல்ல இருந்து கூப்பிட்டாங்க. ரெண்டாம் பாகம் எடுக்கணுமாம். இந்த ஒரு போனுக்காகத்தான் குளிக்கப் போனாலும் போனை சோப்பு டப்பா மேல வச்சுக்கிட்டுக் காத்துக் கிடந்தார். இதை விட்டா இன்னொண்ணு வராதுன்னு அவருக்கே தெரியும். பை தூக்க மாப்பிள்ளையையும் கூட்டிக்கிட்டுக் கிளம்பினார்.

சேனல்ல பொறுப்புல இருந்த அம்மா சுத்தி வளைக்கல. செத்த கேப்டன் திரும்பி வந்தாரே, அது மாதிரி புதுசா ஒரு வித்தை சொல்லுங்க, உடனே ஆரம்பிச்சுடலாம்னாங்க. நம்மாளு பழசு ஏன் நிலைச்சு நிக்குதுன்னு எடுத்து விட்டார். முக்கால் மணி நேரம். ஏசியே களைச்சுப் போச்சு.

"அது புரிஞ்சுது சார். புதுசு?"

அவ்வளவுதான். மனுஷன் மாப்பிள்ளை மடியில இருந்த பையைப் பிடுங்கி உள்ள தேட ஆரம்பிச்சார். மச்சான் முழிக்கிறதைப் பார்த்து மாப்பிள்ளைக்கு மனசு தாங்கல. காப்பாத்துறதா நினைச்சு வாயைத் திறந்தார்.

"அது ஒண்ணும் பெரிய விஷயமில்லம்மா. நான்தான் லேபிளை மாத்தி ஒட்டினேன். மச்சான் எடுக்கட்டும். எத்தனை வேணும்னாலும் நான் வந்து மாத்தி ஒட்டித் தர்றேன்."

டைரக்டர் மேஜைக்கு அடியில மாப்பிள்ளை காலை மிதிச்சார். அது சேனல் அம்மா கால். அந்தம்மா காலை இழுத்துக்கிட்டு, மாப்பிள்ளையைப் பார்த்து, "நீங்க எப்போ வேலைக்கு வரீங்க?"ன்னாங்க.

இப்போ ரெண்டாம் பாகம் மாப்பிள்ளை கையில. டைரக்டருக்கும் ஒரு வேலை போட்டுக் குடுத்திருக்காங்க. ஒவ்வொரு வாரமும் சீரியல் ஆரம்பிக்கிறதுக்கு முன்னால ஒரு நாற்காலியில உக்காந்து, பழசு ஏன் நிலைச்சு நிக்குதுன்னு ரெண்டு நிமிஷம் பேசணும். அண்ணன் இவ்வளவு சந்தோஷமா இருந்து பார்த்ததே இல்லன்னு தங்கச்சி சொல்றாங்க. அவங்க கவலையெல்லாம் புருஷனைப் பத்திதான். நேத்து பேட்டியில அவர், "லேபிளை நான் ஒட்டல, லேபிள்தான் என்னை ஒட்ட வச்சுது"ன்னாராம்.

உங்களுக்கு இந்த வியாதி கிடையாது, எனக்குத் தெரியும். இருந்தாலும், பள்ளிக்கூடத்துல ஓட்டப்பந்தயத்துல ஜெயிச்சீங்களே, அந்தக் கதையை இன்னைக்கு வீட்டுல ஆரம்பிச்சுப் பாருங்க. காய் நறுக்கிக்கிட்டே தலையைத் தூக்காம வீட்டுல யாராவது மீதிக் கதையைச் சொல்லி முடிச்சாங்கன்னா, பேசாம போய் வெங்காயத்தை உரிங்க.