வேண்டுமென்றே மோதவிட்ட ரயில்கள்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. நான் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் என் நலம் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு மார்க்காக என் மகளுடைய போனுக்கே வந்துவிடுவதால், நான் எப்படி இருக்கிறேன் என்பதை இனி நீங்கள்தான் எனக்குத் தெரிவிக்க வேண்டும். உங்கள் இருவர் நலமும் அறிய ஆவல். அதற்கு இன்னும் யாரும் மார்க் போடத் தொடங்கவில்லை என்று நம்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். வயதானவர்களின் மூளையை வீடியோ கேம் துருப்பிடிக்காமல் வைத்திருக்கும் என்று எங்கோ படித்துவிட்டு, போன வருஷம் ஒரு டேப்லெட் வாங்கி அனுப்பினீர்கள். நல்ல மனசு, குறை சொல்லவில்லை. அதற்குள் ரயில் ஆட்டம் ஒன்றையும் ஏற்றி, அன்றன்றைய மார்க் தானாகவே அவள் போனுக்குப் போகும்படி செய்துவைத்தீர்கள். சிவப்பு வண்டி சிவப்புக் கொட்டகைக்கும் நீல வண்டி நீலக் கொட்டகைக்கும் போக வேண்டும், நான் தண்டவாளத்தைத் திருப்பிவிட வேண்டும். முப்பத்தாறு வருஷம் சிக்னல் கேபினில் லீவர் இழுத்தவனுக்கு இது ஒரு காரியமா என்றுதான் உட்கார்ந்தேன். முதல் நாள் நூற்றுக்குப் பன்னிரண்டு. ஏனென்றால் அடுத்த ஸ்டேஷன் அனுமதி கொடுக்காமல் நான் எந்த வண்டியையும் விட்டவன் இல்லை, அனுமதிக்குக் காத்திருந்தேன். அந்த ஆட்டத்தில் அடுத்த ஸ்டேஷனே கிடையாதாம். மாடிவீட்டுத் தையல்காரர் வந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது. அப்புறம் விடுவேனா, மூன்றே மாதத்தில் தொண்ணூற்றொன்று எடுத்தேன்.

அங்கேதான் பிடித்தது சனி. அதுவரை என் மகள் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி முடித்து வீட்டுக்கு வந்ததும் தினமும் கூப்பிடுவாள். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, கதவைப் பூட்டினீங்களா என்று மூன்று கேள்வி. மூன்றுக்கும் ஆமாம் என்பேன். அவ்வளவுதான் பேச்சு, ஆனால் அவள் அம்மா போன பிறகு இந்த வீட்டில் எனக்காகக் கேட்கிற ஒரே குரல் அதுதான். தொண்ணூற்றொன்று எடுத்த அன்று, "அப்பா, இனிமே எனக்கு உங்களப் பத்திக் கவலையே இல்ல" என்றாள். சொன்னபடியே மறுநாள் கூப்பிடவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. மார்க் போய்ச் சேர்ந்ததும் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வரும். கட்டைவிரலோடு என்ன பேசுவது மாப்பிள்ளை?

ஒருநாள் ஜுரத்தில் கை தடுமாறி எழுபதுக்கு இறங்கிவிட்டேன். ஐந்தாவது நிமிஷம் போன். ஓகோ, இப்படி ஒரு வழி இருக்கிறதா என்று மறுநாள் வேண்டுமென்றே இரண்டு வண்டியை முட்டவிட்டேன். அறுபத்திரண்டு, இருபது நிமிஷம் பேசினாள். சர்வீஸில் ஒரு வண்டிமேல் இன்னொன்றை உரசக்கூட விடாதவன் நான். சிவப்பு வண்டியை நீல வண்டிமேல் விட்டபோது கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன், சத்தம் வேறு வைத்திருக்கிறான் பாவி. எழுந்துபோய் விபத்துப் பதிவேட்டைத் தேடினேன் என்றால் பாருங்களேன். "தோக்கறதுக்கு இவ்ளோ கணக்குப் போடறீங்களே சார், ஜெயிக்கறதே சுலபம்" என்றார் தையல்காரர். மூன்று மகள்களும் கூடவே இருக்கிற மனுஷன், அவருக்கு எங்கே புரியப்போகிறது. நாற்பத்தைந்து எடுத்த அன்று முக்கால் மணி நேரம் பேசினாள். சின்ன வயதில் கேபின் படியில் உட்கார்ந்து என் பச்சைக் கொடியைத் தலையில் கட்டிக்கொண்டதை அவளே ஞாபகமாகச் சொன்னாள், சிரித்தாள். இதற்காக எத்தனை ரயிலை வேண்டுமானாலும் கவிழ்க்கலாம் என்று தோன்றியது.

ஆசைக்கு அளவு வேண்டாமா? எனக்கு இருக்கவில்லை. போன வாரம் உங்களிடமிருந்து ஒரு கவர் வந்தது. பிரித்தால் முதியோர் இல்லத்தின் படப் புத்தகம். மூன்றாம் பக்கத்தில் ஒரு புல்வெளி, நாலு நாற்காலி, நாலு பேர், நாலு பேரும் நாலு திசையைப் பார்க்கிறார்கள். அறை ஒன்று காலியாக இருக்கிறதென்றும், வெள்ளிக்கிழமை மூளை டாக்டர் பார்த்துச் சொன்னதும் பதிந்துவிடலாம் என்றும் எழுதியிருந்தீர்கள். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது. ஆகவே சத்தியமாகச் சொல்கிறேன், என் மூளைக்கு ஒன்றும் இல்லை. அத்தனையும் நடிப்பு. மூக்குக்கண்ணாடி அரிசி டப்பாவுக்குள் கிடந்ததாகத் தையல்காரர் உங்களிடம் சொன்னாராமே, டப்பா திறந்திருந்தது, விழுந்துவிட்டது, அவ்வளவுதான். பால் இரண்டு தரம் தீய்ந்தது அடுப்பின் கோளாறு. டாக்டரையும் அறையையும் தயவுசெய்து ரத்து செய்துவிடுங்கள். இந்த வீட்டை விட்டு என்னைக் கிளப்பாதீர்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. நடிப்பு என்று மட்டும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள், கோபித்துக்கொண்டு கூப்பிடாமல் இருந்துவிடுவாள்.

நீங்களும் அவளும் யாரிடமும் எந்த மார்க்கும் வாங்காமலே நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: வெறும் பேச்சாக இல்லாமல் சாட்சியும் இருக்கட்டும் என்று, கவரை ஒட்டுமுன் இன்று காலை நிஜமாகவே ஜெயிக்க உட்கார்ந்தேன். நாற்பத்துமூன்று. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி ஆடினேன். நாற்பத்தொன்று. டீ குடித்துவிட்டு, தையல்காரரைப் பேசாமல் பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டு ஆடினேன். முப்பத்தெட்டு. அவர் என் கண்ணாடியைக் கழற்றி, தன் சட்டை நுனியில் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். மிஷினில்தான் ஏதோ கோளாறு, வரும்போது பாருங்கள். எதற்கும் வெள்ளிக்கிழமையை ரத்து செய்ய வேண்டாம். அவளையும் கூட வரச் சொல்லுங்கள்.