டவர் மாப்பிள்ளையின் தும்மல்

ராஜபாளையம்,
28.12.1991

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் வேலைகளுக்கு நடுவே கடிதம் எழுதித் தொந்தரவு செய்வதற்கு மன்னிக்க வேண்டும். பத்திரிகைக்கு நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. அங்கு எல்லோரும் சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்க ஆண்டாளை வேண்டுகிறேன்.

சென்ற மாத இதழில் மைக்ரோவேவ் கதிர்களும் நோய் எதிர்ப்புச் சக்தியும் பற்றி ஒரு கட்டுரை வந்தது. எங்கள் தெருவில் பட்டம் வாங்கிய பெண் நான் மட்டும்தான். அதனால் மதியம் அம்மாவுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் வாசித்துக் காட்டுவது என் பொறுப்பு. கதிர்களை அதிகமாகப் பாய்ச்சியதில் எலிகளுக்கு வெள்ளை அணுக்கள் குறைந்தன என்பது வரை வாசித்தேன். அந்த நேரம் பார்த்துக் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. எல்லோரும் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார்கள். மனிதர்களுக்கும் அப்படி ஆகும் என்பது இன்னும் உறுதியாகவில்லை என்ற அடுத்த வரியைக் கேட்க ஆளில்லை.

மறுநாளா என்னைப் பெண் பார்க்க வர வேண்டும்? மாப்பிள்ளை காளிராஜ், ஸ்ரீவில்லிபுத்தூரில் டெலிபோன் மைக்ரோவேவ் டவரில் டெக்னீஷியன். காபியை வாங்கினார், என்னைப் பார்த்தார், தும்மினார், தும்மிக்கொண்டே இருந்தார். "ஏக்கா, டவரு ஆளை அரிச்சிருச்சு போல" என்று பக்கத்து வீட்டுச் செல்லக்கனி மதினி சத்தமாகவே சொன்னார். அவிய போன பொறவு அம்மா ஒரே அழுகை. "எலிக்கே தாங்கலையாம், இவன் ஒல்லியால்லா இருக்கான்? நாளைக்குப் படுத்துட்டா ஒன்னைய யாரு பாப்பா?" விட்ட வரியை எடுத்து வாசித்தேன். "ஏட்டி, நீயா சேத்து வாசிக்கே" என்கிறாள். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது ஐயா, ஆனா என் மொகத்தை நல்லா வாசிப்பா. மார்கழி முடிந்ததும் வேண்டாமென்று சொல்லியனுப்பப் போகிறார்கள். எனக்கும் உள்ளூரப் பயம்தான். விலங்கியல் படித்தேன், ஆனால் எங்கள் பாடம் தவளையைத் தாண்டவில்லை. அவரோ மதியச் சோறே அந்த டவரடியில்தான் சாப்பிடுகிறார்.

அந்த ஒரு வரியைப் பெரிய எழுத்தில் மறுபடி போட்டால், அம்மா வேறு யாரையாவது வாசிக்கச் சொல்லித் தெரிந்துகொள்வாள்.

உங்கள் இல்லத்துப் பெரியவர்களுக்கு என் நமஸ்காரம்.

இப்படிக்கு,
சு. சந்தனமாரி, பி.எஸ்ஸி.

பி.கு.: அந்த வரியைப் போட வேண்டாம் ஐயா. காலையிலிருந்து எனக்கும் அதே ஜலதோஷம், அதே தும்மல். "கார்த்திகையில வந்தவன் சளி மார்கழியில எப்படிட்டி ஒட்டும்?" என்று அம்மா என் முகத்தையே பார்க்கிறாள். நூலகம் என்று சொல்லிவிட்டு எங்கே போனேன் என்பதை நான் சொல்ல முடியாது. ஆகவே டவர் அலை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் வரை வந்து ஆளைத் தும்ம வைக்கும் என்று, தை பிறப்பதற்குள், போட முடியுமா?