கிளாரினெட்டுக்குள் குடியிருந்தவர்கள்

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. நீ நலமா என்று கேட்பதற்கு முன் உன் பூனை நலமா என்று கேட்பதே முறை. மன்னிப்பும் முதலில் அதனிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

என் மூச்சிழுப்புக்குக் காரணம் பூனைமுடிதான் என்று அடித்துச் சொன்னேன். "பூனையா, அண்ணனா, முடிவு பண்ணிக்கோ" என்றேன். நீ ஒரு நொடிகூட யோசிக்காமல் பூனையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாய். நீ போயும் இழுப்பு போகவில்லை. தப்பை ஒத்துக்கொள்ள நான் என்ன சாமானியனா? கீழ்வீட்டுத் தச்சரின் மரத்தூள் என்றேன். பாவம், மனுஷன் பட்டறையைப் பின்பக்கம் மாற்றினார். உன் அண்ணியின் பவுடர் என்றேன். அவள் பவுடரையும் விட்டாள், என்னோடு பேசுவதையும் விட்டாள். போன மாதம் மாடிப்படியில் பாதி ஏறும்போதே மூச்சு முட்டி, உதடு நீலம் பாரித்து உட்கார்ந்துவிட்டேன். அந்தத் தச்சர்தான் என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். டாக்டரம்மா என் சளியைச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, "ரிடையர் ஆனப்புறம் என்ன செய்றீங்க?" என்றார். கிளாரினெட் கற்றுக்கொண்டு ஆறு வருடமாக ஊதுகிறேன் என்று பெருமையடித்தேன்.

"கடைசியா எப்பக் கழுவினீங்க?"

"வாத்தியத்தைப் போய் யாராவது கழுவுவாங்களா, டாக்டர்?"

"கொண்டு வாங்க."

சோதனை முடிவு வந்தால், குழாயைத் துடைத்த பஞ்சிலும் என் சளியிலும் ஒரே கிருமி! "ஆஸ்துமா எல்லாத்துக்கும் கிருமிதான் காரணம்னு சொல்ல மாட்டேன். ஆனா உங்க விஷயத்துல பாக்டீரியாவை நீங்களே வளர்த்து, நீங்களே உள்ள இழுத்திருக்கீங்க" என்றார். ஆறு வருட எச்சிலம்மா! நர்ஸ் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினாள். ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவன், திருடனை வாயிலேயே வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறேன்.

மருந்து சாப்பிட்டு மூன்று வாரம் ஆயிற்று. வாத்தியத்தையும் கழற்றிச் சுத்தம் செய்தாயிற்று. மாடிப்படியை ஒரே மூச்சில் ஏறுகிறேன். தச்சரிடம் மன்னிப்புக் கேட்டேன். "மரத்தூளுக்கு வாய் இருந்தா அழுதிருக்கும் சார்" என்றார். கோபத்தை மறந்து பூனையோடு வந்துவிடம்மா. உன் அறையை நானே பெருக்கி வைத்திருக்கிறேன்.

மூச்சுக்குக் குறைவில்லாமல் நீ நூறாண்டு வாழ வாழ்த்தும்,
அண்ணன்

பின்குறிப்பு: நீ வர வேண்டாம். முன்பெல்லாம் ஐந்து நிமிஷம் ஊதினால் மூச்சு வாங்கி நிறுத்திவிடுவேன். இப்போது இரண்டு மணி நேரம் நிறுத்தாமல் வாசிக்கிறேன். "அந்தக் கிருமியே தேவலை" என்று சொல்லிவிட்டு, உன் அண்ணி பெட்டியோடு உன் வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டாள். ஒரு வருடத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.